டேங்கர் ஓட்டியவர் போர் விமானத்துக்கு மாறவே முடியாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க விமானப்படையில் சேரும் நம் பிள்ளைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பயிற்சி முடிவில் டேங்கர், சரக்கு விமானம் மாதிரியான கனரக விமானம் ஒதுக்கிவிட்டால் அப்புறம் போர் விமானத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. நான் வானிலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் கேசி-135 டேங்கர் ஓட்டியவன், பிறகு ஏர் நேஷனல் கார்டு என்ற பகுதிநேர வான்படையில் ஒரு எஃப்-16 போர் விமான ஸ்குவாட்ரனுக்கு, அதாவது விமானப் பிரிவுக்கு, மாறினேன். கஷ்டமான வழி, ஆனால் வழி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரியாமலே பல பேர் நல்ல வருடங்களைக் கடத்திவிடுகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் எல்லா மாணவர்களும் டி-38 ஜெட்டில்தான் பயிற்சியை முடித்தார்கள், யாரை எந்த விமானத்துக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்ற நிலை இருந்தது. 1990-களில் பாதை இரண்டாகப் பிரிந்தது. போர் விமானத்துக்கும் குண்டுவீச்சு விமானத்துக்கும் போகிறவர்களுக்கு டி-38, டேங்கருக்கும் சரக்கு விமானத்துக்கும் போகிறவர்களுக்கு டி-1 என்றானது. அதனால் என்னைப் போல டி-1 பாதையில் வந்தவர்கள் பின்னால் மாற நினைத்தால் முதலில் டி-38 கற்க வேண்டும், அதற்கு மேல் போர் விமான அடிப்படைப் பயிற்சி, அதற்கும் மேல் அந்தந்த விமானத்துக்கான நீண்ட பயிற்சி. கார்டு எஃப்-16 விமானிகள் பலர் இந்தக் கடைசிப் பயிற்சியை அரிசோனாவின் டூசான் நகரில் முடிக்கிறார்கள். இந்தப் பயிற்சிகளுக்கெல்லாம் இடங்கள் குறைவு, செலவு அதிகம். முழுநேரப் படையில் உங்களை எங்கே வைப்பது என்பதைப் படைதான் முடிவு செய்யும், அங்கே ஒருவரைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப அவர்களுக்குப் பெரிய அவசியம் எதுவும் இல்லை.

கார்டிலும், ரிசர்வ் என்ற இன்னொரு பகுதிநேரப் படையிலும் கதை வேறு, ஏனென்றால் அங்கே ஸ்குவாட்ரனே தனக்கு வேண்டிய விமானியைத் தேர்ந்தெடுக்கிறது. விண்ணப்பம் போடுவதோடு வேலை முடியாது, நேரில் போக வேண்டும், மாதாந்திரப் பயிற்சி வார இறுதியில் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், ஒரு முறை போய்விட்டு வந்தால் போதாது, திரும்பவும் போக வேண்டும். இருபது வருடம் ஒரே இடத்தில் சேர்ந்து பறக்கப் போகிறவர்கள் என்பதால் இந்த ஆள் நமக்குச் சரிப்படுவானா என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்க்கிறார்கள், பறக்கும் மணிக்கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான். முழுநேரச் சேவை ஒப்பந்தம் முடியும் முன்பே பகுதிநேரப் படைக்கு மாற பேலஸ் சேஸ் என்ற திட்டமும் இருக்கிறது, அனுமதி கிடைப்பது அந்தந்த நேரத்து ஆள் தேவையைப் பொறுத்தது.

டேங்கர் அனுபவத்தை மறைக்கப் பார்க்கும் இளைஞர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடலைத் தாண்டிப் பறந்தது, மோசமான வானிலையில் இறங்கியது, குழுவை வைத்து முடிவெடுத்தது, இதெல்லாம் சொத்து. ஆனால் அதை எஃப்-16-க்குள் கொண்டுபோகும்போது நீங்கள் புதியவர்தான், அதையும் மனதார ஏற்றுக்கொள்ள வேண்டும். டேங்கரில் பக்கத்தில் துணை விமானி இருப்பார், செக்லிஸ்டை ஒருவர் படிக்க ஒருவர் பதில் சொல்வோம், பின்னால் எரிபொருள் குழாயை இயக்கும் பூம் ஆபரேட்டர் இருப்பார். எஃப்-16-இல் ஒற்றை இருக்கை, அதுவும் பின்னால் சாய்ந்த இருக்கை, கட்டுப்பாட்டுக் குச்சி வலது பக்கத்தில், அதை அசைக்கிறோம் என்பதை விட அழுத்துகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு கொஞ்சம்தான் நகரும். ரேடியோ, ரேடார், ஆயுதம், எரிபொருள் எல்லாம் ஒரே தலைக்குள். 9 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு விசை, வரும்போது 70 கிலோ உடம்பு 630 கிலோவாகக் கனக்கும், காலையும் தொடையையும் வயிற்றையும் இறுக்கி மூன்று விநாடிக்கு ஒரு முறை மூச்சை வெடுக்கென்று மாற்றாவிட்டால் பார்வை ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும். கழுத்தும் முதுகும் இருபது வயதில் தாங்குவது போல நாற்பதில் தாங்காது.

வானில் எரிபொருள் நிரப்புவதைச் சொல்லியாக வேண்டும். முன்பு நான் நேராக, நிதானமாக ஓட்டிக்கொண்டிருப்பேன், பின்னால் வருகிறவர் படும் பாடு என் கண்ணில் படாது. இப்போது நான் அந்தப் பின்னால் வருகிறவன். எரிபொருள் வாங்கும் துளை என் முதுகுக்குப் பின்னால், காக்பிட்டைத் தாண்டி இருக்கிறது, அதை நான் பார்க்கவே முடியாது. டேங்கரின் வயிற்றில் இரண்டு வரிசை விளக்குகள் எரியும், ஒன்று மேலே கீழே சொல்லும், இன்னொன்று முன்னே பின்னே சொல்லும். அவற்றைப் பார்த்துக்கொண்டே எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை விரல் நுனியில் நகர்த்தி நிற்க வேண்டும். முன்னால் இருப்பவர் ஒரு திருப்பத்தை முரட்டுத்தனமாக எடுத்தால் இங்கே என்ன ஆகும் என்று இப்போது உடம்புக்கே தெரிகிறது. டேங்கர் விமானிகள் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது இந்தப் பக்கம் வந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பகுதிநேரம் என்றதும் இதை அரைகுறை வேலை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று வாஷிங்டனைக் காக்க ஆண்ட்ரூஸ் தளத்திலிருந்து ஏவுகணை இல்லாமலே எஃப்-16-இல் கிளம்பிய மார்க் சாஸ்வில்லும் ஹெதர் பென்னியும் கார்டு விமானிகள்தான். தேவைப்பட்டால் கடத்தப்பட்ட விமானத்தை மோதியே நிறுத்துவது என்ற முடிவோடு போனார்கள். மாதம் ஒரு வார இறுதி, வருடம் இரண்டு வாரம் என்று விளம்பரத்தில் வருவது போர் விமானிக்குப் போதவே போதாது, வாரநாட்களிலும் போய்ப் பறந்தால்தான் கை பழக்கம் விடாமல் இருக்கும். ஒன்றரை மணி நேரம் பறந்துவிட்டு அதைவிட அதிக நேரம் உட்கார்ந்து அலசுவோம், அங்கே பதவி பார்க்காமல் தவறைச் சொல்வார்கள். பிழைப்புக்கு ஏர்லைன் வேலையும் சேர்ந்துகொள்ளும். ராணுவக் கடமைக்காக விடுப்பு எடுப்பவரின் வேலையை 1994-இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம் காப்பாற்றுகிறது, ஆனால் வீட்டில் இருப்பவர்களின் பொறுமையை எந்தச் சட்டமும் காப்பாற்றாது, முதலிலேயே உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

மாற நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம். சேவை வருடம் ஏற ஏற, பயிற்சிக்கு அனுப்பினால் இவர் எத்தனை வருடம் திருப்பித் தருவார் என்று ஸ்குவாட்ரன் கணக்குப் பார்க்கும், அது நியாயமான கணக்குதான்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் பக்கத்தை வெளியிடும்போது, மாநில ஆளுநரின் கீழும் இயங்கும் கார்டுக்கும் முழுக்க மத்திய அரசின் கீழ் வரும் ரிசர்வுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். என்னிடம் வந்து கேட்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டும் ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் டேங்கர் விமானி, அமெரிக்கா