முதல்ல ஃபேக்டர் போடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்

எமர்ஜென்சி டூட்டில இருக்கற டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரைப் பாத்துக்கறவங்களுக்கும் வணக்கம்.

என் பையனுக்கு ஹீமோஃபிலியா ஏ, சிவியர். அதாவது ரத்தத்தை உறைய வைக்கற ஃபேக்டர் எட்டுங்கற புரதம் அவன் ரத்தத்துல சாதாரண அளவுல 1 சதவீதம்கூட இல்ல, அதை ஊசியா போட்டுத்தான் ஈடுகட்டணும். போன மாசம் ஒருநாள் ராத்திரி தூக்கத்துல எழுந்து வந்து "அம்மா, முட்டிக்குள்ள குறுகுறுங்குது"ன்னான். வீக்கம் இல்ல, செவக்கல, தொட்டா லேசா சூடு, அவ்ளோதான். ஆனா எங்களுக்குத் தெரியும், அந்தக் குறுகுறுப்புதான் மூட்டுக்குள்ள ரத்தம் கசிய ஆரம்பிச்சதுக்கு முதல் அடையாளம், அப்பவே ஃபேக்டர் உள்ள போயிட்டா சீக்கிரம் எழுந்து ஓடுவான், விட்டுட்டா வாரக்கணக்குல நொண்டுவான், திரும்பத் திரும்ப அதே மூட்டுல கசிஞ்சா மூட்டே போயிடும்.

வீட்ல வச்சிருந்த டோஸ் தீந்துபோச்சு, அதனால ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்க முட்டியப் பாத்துட்டு "வீங்கவே இல்லையேம்மா, எக்ஸ்ரே எடுங்க, காலைல ஸ்பெஷலிஸ்ட் பாக்கட்டும்"னாங்க. அவனோட ட்ரீட்மென்ட் கார்டை நீட்டினேன், கெஞ்சினேன், ஒருவழியா சம்மதிச்சப்போ ஸ்டோர் பூட்டியிருக்கு, சாவி வச்சிருக்கறவர் வீட்டுக்குப் போயாச்சு. மருந்து அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ்ல, நாங்க இந்தப் பக்கம் பெஞ்ச்ல. விடியறதுக்குள்ள முட்டி பந்து மாதிரி ஆயிடுச்சு, பேன்ட்டைக் கழட்ட முடியாம கத்திரியால வெட்டித்தான் எடுத்தோம்.

கோவம் இல்லன்னா அது பொய். ஆனா நான் கேக்கறது ரொம்ப சாதாரணம். ரத்தம் கசியுதுன்னு இந்த நோய் இருக்கறவங்க சொன்னா நம்புங்க, சந்தேகமா இருந்தாலும் ஃபேக்டரப் போட்டுட்டு அப்புறமா டெஸ்ட் எடுங்க. முக்கியமா தலைல அடிபட்டு வந்தா ஸ்கேனுக்குக் காத்திருக்கவே கூடாது. கணக்கும் கஷ்டமில்ல, உடம்பு எடைல கிலோவுக்கு 1 யூனிட் போட்டா ஃபேக்டர் எட்டு 2 சதவீதம் ஏறும், தலைல அடின்னா லெவலை 100 சதவீதத்துக்கிட்ட கொண்டுபோகணும், 20 கிலோ இருக்கற என் பையனுக்கு அது 1000 யூனிட். தயவுசெஞ்சு தசைல ஊசி குத்தாதீங்க, வலிக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் குடுக்காதீங்க, பாராசிட்டமால் குடுங்க. இப்போ எமிசிசுமாப்னு தோலுக்கடில போடற ஊசி வந்திருக்கு, அது கசிவு வராம தடுக்கத்தான், அதைப் போட்டுக்கற பிள்ளைக்கும் ரத்தம் கசிய ஆரம்பிச்சிட்டா தனியா வைத்தியம் வேணும்.

இன்னொண்ணு, பொம்பளைங்களுக்கு இது வராதுன்னு சொல்லாதீங்க. எனக்கும் ஃபேக்டர் எட்டு லெவல் கம்மிதான். பிரசவத்துல ரத்தம் நிக்காம ரெண்டு நாள் கிடந்தேன், அப்பகூட யாரும் டெஸ்ட் பண்ணல, பையனுக்குத் தெரிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சது. வான் வில்லிபிராண்ட்னு ரத்தம் சரியா உறையாத இன்னொரு நோய் இருக்கற பொண்ணுங்க மாசாமாசம் துணி துணியா நனைச்சுக்கிட்டு, எல்லாருக்கும் இப்படித்தானாக்கும்னு இருக்காங்க, ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

ஸ்டோர் பாக்கறவங்ககிட்ட ஒரே வேண்டுகோள். எமர்ஜென்சி ரூம் ஃப்ரிட்ஜ்லயே ஃபேக்டர் எட்டும், ஹீமோஃபிலியா பி இருக்கறவங்களுக்குப் போடற ஃபேக்டர் ஒன்பதும் ஒவ்வொரு டோஸாவது வைங்க, வீட்டுக்குக் குடுத்து அனுப்பற டோஸ் தீரறதுக்கு முன்னாடியே அடுத்தது கிடைக்கற மாதிரி பண்ணுங்க. பையனுக்கு இன்னும் அந்தக் காலை முழுசா நீட்ட வரல, தினமும் பிசியோ போயிட்டிருக்கோம்.