எல்லா நீர்மூழ்கிகளும் இனி 1/48-இல்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறீர்கள். ரிமோட்டில் ஓடும் மாடல் நீர்மூழ்கிகளுக்கு 1/72-இலும் 1/32-இலும் (அதாவது நிஜப் படகின் நீளத்தில் 72-இல் ஒரு பங்கு, 32-இல் ஒரு பங்கு ஸ்கேலில்) உடல்கள் வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த நாம், எதற்காக எல்லாவற்றையும் 1/48-க்கு மாற்றுகிறோம்? போனில் ஆளுக்குப் பாதியாகச் சொன்னதை ஒரே இடத்தில் முழுதாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

நம்மிடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படகோடு நிற்பதில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால நீர்மூழ்கிகளில், ஜெர்மனியின் டைப் 7சி-யில் தொடங்குவார்கள், அப்புறம் அமெரிக்காவின் கேட்டோ, அதற்கப்புறம் ஜெர்மனியின் டைப் 21. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகவே கட்டுகிறார்கள். ஆனால் 1/72 கேட்டோ 132 சென்டிமீட்டர். 1/48 டைப் 7சி 140 சென்டிமீட்டர். அலமாரியில் இரண்டையும் வைத்தால் ஜெர்மன் படகுதான் பெரிது என்று தோன்றும். நிஜத்தில் அது 67 மீட்டர், கேட்டோ 95 மீட்டர். இவ்வளவு உழைத்துக் கட்டிய மாடல்கள் பார்க்கிறவருக்குத் தப்பான சேதி சொல்லக் கூடாது. ஒப்பிட வேண்டும் என்றால் ஒரே ஸ்கேல் வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஏன் 1/48? எடைதான் காரணம். ஸ்கேல் மாறி நீளம் இரண்டு மடங்கானால், அகலமும் உயரமும் கூடவே இரண்டு மடங்காகி, எடை 2×2×2, அதாவது எட்டு மடங்காகிவிடும். டைப் 7சி நீருக்குள் இருக்கும்போது 871 டன். 1/72-இல் அது சுமார் 2.3 கிலோ, 1/48-இல் 7.9 கிலோ, 1/32-இல் 26 கிலோவைத் தாண்டிவிடும். கேட்டோவை 1/32-இல் கட்டினால் மூன்று மீட்டர் நீளம், 75 கிலோ எடை. நாலு பேர் இல்லாமல் அதைக் குளத்தில் இறக்கி ஏற்ற முடியாது. 1/48-இல் அதே படகு 1.98 மீட்டர், 22 கிலோ. இரண்டு பேர் போதும், காரின் முன் சீட்டைச் சாய்த்தால் உள்ளே போய்விடும். 1/72 கைக்கு அடக்கம்தான், ஆனால் அந்த அளவில் சின்னக் காற்றுக்கும் படகு துள்ளும். உள்ளே ரிமோட் சிக்னலைப் பெறும் ரிசீவர், பேட்டரி, மூழ்குவதற்குத் தண்ணீர் ஏற்றும் டேங்க் எல்லாம் வைக்க இடமும் போதாது. பெரிய படகு தண்ணீரில் நிதானமாக அசையும். அந்த நிதானம்தான் கப்பலைப் பார்க்கிறோம் என்ற எண்ணத்தைத் தருகிறது.

இனி படகுகள். டைப் 7சி-யின் கணக்கு இது: நீர்மேல் 17.7 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்), நீருக்குள் 7.6 நாட். நீர்மேல் 10 நாட்டில் 8,500 கடல்மைல் போகும், நீருக்குள் 4 நாட்டில் 80 கடல்மைல்தான். இந்த நாலு எண்களைப் படித்துவிட்டு உடலைப் பாருங்கள். கூரான மூக்கு, மேலே தட்டையான தளம், பக்கங்களில் புடைத்த டேங்குகள், பாலத்துக்கு (கட்டளை மேடைக்கு) முன்னால் 88 மில்லிமீட்டர் பீரங்கி. தேவைப்பட்டால் கொஞ்ச நேரம் மூழ்கத் தெரிந்த மேல்நீர்க் கப்பல் இது. போர் முடிவதற்குள் 568 கட்டி முடித்தார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த யு-995 இன்றும் கீல் நகருக்குப் பக்கத்தில் லாபோ கடற்கரையில் நிற்கிறது. நம் அச்சின் பாலப் பகுதியையும் வால் பகுதியையும் அதன் படங்களோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்த்தோம்.

டைப் 21 இந்தக் கணக்கையே தலைகீழாக்கியது. நீர்மேல் 15.6 நாட், நீருக்குள் 17.2 நாட். தளத்தில் பீரங்கி கிடையாது; விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைக்கூட கோபுரத்துக்குள் பதித்துவிட்டார்கள். இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பீர்கள். ஜெர்மன் பொறியாளர் ஹெல்முத் வால்டர் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓடும் வேகமான நீர்மூழ்கி ஒன்றைத் திட்டமிட்டிருந்தார். அந்த எரிபொருளுக்காக உடலின் கீழ்ப்பகுதியில் பெரிய அறை ஒன்று, குறுக்குவெட்டில் 8 என்ற எண்ணின் கீழ்வட்டம் போல. அந்த இயந்திரம் கைக்கு வர நாளாகும் என்று தெரிந்ததும், அதே உடலை வைத்துக்கொண்டு அந்த அறையில் பேட்டரியை அடுக்கிவிட்டார்கள். டைப் 7சி-யில் 124 பேட்டரி செல்கள் என்றால் இதில் 372.

ஒரே ஸ்கேலில் கட்டினால் இதைக் கையால் தூக்கியே உணரலாம். 1/48-இல் டைப் 7சி 140 சென்டிமீட்டர், டைப் 21 160 சென்டிமீட்டர். வித்தியாசம் ஒரு சாண் அளவுதான். எடை? முதலாவது 7.9 கிலோ, இரண்டாவது 16.4 கிலோ. நீளம் ஏழில் ஒரு பங்கு கூடியதற்கு எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. உயரமும் வயிறும்தான் அந்த எடை, அந்த வயிற்றுக்குள்தான் பேட்டரி. டைப் 21-இன் விலை ஏன் அவ்வளவு கூட என்று கேட்டவர்களுக்கும் பதில் இதுவே: ரெசினும் ஃபைபர் மேட்டும் ஏறக்குறைய இரண்டு பங்கு பிடிக்கின்றன.

கேட்டோ வேறு தேவைக்குப் பிறந்தது. பசிபிக் பெருங்கடலைக் கடந்து போய், வேட்டையாடி, திரும்பி வரவேண்டும்: 10 நாட்டில் 11,000 கடல்மைல், கடலில் 75 நாள். நீர்மேல் 21 நாட் ஓடும். முன்னால் ஆறு, பின்னால் நாலு என்று பத்து டார்பிடோ குழாய்கள். ஏசிகூட உண்டு, வெப்பக் கடலில் ஆட்களுக்கும் மின்கருவிகளுக்கும் அது எவ்வளவு தேவை என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. டைப் 7சி-யைப் பக்கத்தில் வைத்தால் கேட்டோ வீடு மாதிரி விரிந்து தெரியும். ஜெர்மானியர்கள் கஞ்சத்தனமாகக் கட்டினார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அட்லாண்டிக்கில் நிறையப் படகுகள் வேண்டியிருந்தன, சின்னதாக, சீக்கிரமாக. எது சிறந்தது என்று கேட்கிறவர்களிடம் நாம் எப்போதும் திருப்பிக் கேட்பது: எந்தக் கடலில்?

நம் கடற்படையின் பழைய கல்வாரி வகை, அதாவது சோவியத் ஃபாக்ஸ்ட்ராட், கேட்ட அன்பர்களுக்கு நல்ல சேதி: அச்சு தயார். விசாகப்பட்டினம் கடற்கரையில் 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுராவைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். 91.3 மீட்டர், மூன்று ப்ரொப்பெல்லர், முன்னால் ஆறும் பின்னால் நாலுமாகப் பத்துக் குழாய்கள். 1969-இல் ரிகாவில் நம் கடற்படையில் சேர்ந்தது, 2001-இல் ஓய்வு பெற்றது. போருக்குப் பிறகு டைப் 21 படகுகளை அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் மூவரும் பங்கிட்டுக்கொண்டு பிரித்துப் படித்தார்கள். அமெரிக்கா கேட்டோ குடும்பத்துப் படகுகளின் தளத்தை மழித்து, பேட்டரியைக் கூட்டி, 'கப்பி' என்ற திட்டத்தில் மாற்றியமைத்தது. சோவியத் பக்கம் ஜூலு வகை, அதன் வாரிசாக ஃபாக்ஸ்ட்ராட் வந்தது. டைப் 21-ஐயும் குர்சுராவையும் ஒரே ஸ்கேலில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பீரங்கி இல்லாத தளமும் வழவழப்பாக மூடிய கோபுரமும் எந்த வழியாக விசாகப்பட்டினம் வந்தன என்று கண்ணுக்கே தெரியும். எங்களுக்கு இந்த ஜோடிதான் மிகவும் பிடித்தது. இரண்டையும் சேர்த்து வாங்குகிறவர்களுக்கு இரண்டு கோபுரங்களின் உள்சட்டத்தையும் சேர்த்தே தருகிறோம்.

இப்போது கட்டுகிற வேலை. நம் உடல்கள் நீர்க்கோட்டை ஒட்டி இரண்டாகப் பிரியும். மூக்கும் வாலும் கீழ்ப்பாதியோடு முழுதாக இருக்கும். டார்பிடோ கதவுகளுக்கு நடுவே கோடு ஓடினால் எத்தனை புட்டி வைத்தாலும் மறையாது. மேல்பாதி முன்னால் ஒரு நாக்கில் செருகிக்கொள்ளும், பின்னால் ஒரே திருகு. உடலுக்குள் தண்ணீர் தாராளமாகப் போய் வரும். மோட்டார், பேட்டரி, ரிசீவர், டேங்க் எல்லாம் நடுவில் ஒரு தனிக் குழாய்க்குள் பத்திரமாக இருக்கும். குழாயின் இரண்டு மூடிகளிலும் ஓ-ரிங், அதாவது தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். ஒவ்வொரு முறை மூடும்போதும் அந்த ரிங்கை விரலால் முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். ஒரு முடி, ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் வரும். சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகப் போதும். அப்பி வைத்தால் தூசியைத்தான் பிடிக்கும்.

தளத்தில் உள்ள வடிகால் துளைகளை நாம் கோடு போட்டு மெலிதாக்கி மட்டும் தருகிறோம், வெட்டித் தருவதில்லை. யு-படகுகளில் (ஜெர்மன் நீர்மூழ்கிகளில்) கட்டிய கப்பல் பட்டறைக்குப் பட்டறை அந்தத் துளை வரிசை மாறும். நீங்கள் எந்தப் படகை எடுத்துக்கொள்கிறீர்களோ அதன் படம் பார்த்து வெட்டுவதுதான் முறை. ஆனால் கட்டாயம் வெட்டுங்கள். துளை அடைபட்டிருந்தால் தளத்துக்கு அடியில் காற்று தங்கிவிடும், எவ்வளவு தண்ணீர் ஏற்றினாலும் படகு மூழ்காது. சிலர் அப்போது ஈயத்தைக் கூட்டுகிறார்கள். பிறகு ஒருநாள் அந்தக் காற்று வெளியேறிவிட்டால் படகு நேரே அடிக்குப் போய்விடும்.

ஈயமும் ஃபோமும் எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நீர்மேல் மிதக்கும்போது உடலின் அகலம் படகை நிமிர்த்தி வைத்திருக்கும். மூழ்கிய பிறகு அந்த உதவி கிடையாது. எடை கீழேயும் மிதப்பு மேலேயும் இருந்தால்தான் நிமிர்ந்து நிற்கும். அதனால் ஈயம் அடிக்கட்டையில், எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே. ஃபோம் நீர்க்கோட்டுக்குச் சற்று கீழே. நீர்க்கோட்டுக்கு மேலே ஃபோம் வைத்தால், அதை மூழ்கடிக்க டேங்கில் கூடுதல் தண்ணீர் பிடிக்க வேண்டியிருக்கும். உண்மையில் டேங்கின் அளவுக்குக் கணக்கு இதுதான்: நீர்க்கோட்டுக்கு மேலே இருக்கும் கெட்டிப் பொருள்களின் மொத்தக் கனஅளவு எவ்வளவோ, அவ்வளவு தண்ணீர் போதும். அதனால்தான் கோபுரத்தையும் தளத்தையும் மெல்லிய ஓடாக வார்க்கிறோம். பித்தளையில் பீரங்கி செய்து வைக்க விரும்புகிறவர்கள் அதற்கு ஈடாகக் கீழே ஈயம் சேர்க்க வேண்டும்.

தண்ணீரை ஏற்றி இறக்க நாம் பிஸ்டன் டேங்க்தான் தருகிறோம். பெரிய சிரிஞ்சை மோட்டார் இழுத்துத் தள்ளுவது போன்ற அமைப்பு. காஸை அடைத்து டேங்கின் தண்ணீரை வெளியே தள்ளும் முறை வேகமானது, நிஜப் படகு போலக் குமிழி கிளப்பும். ஆனால் காஸ் தீர்ந்தால் மேலே வர வழியில்லை, பாதியளவு தண்ணீர் ஏற்றி நிறுத்துவதும் கடினம். பிஸ்டனில் சொட்டு அளவுக்குச் சரிசெய்யலாம். மின்சாரம் தீர்ந்தால் அதுவும் நின்றுவிடும் என்பதால், பேட்டரி குறைந்தாலோ சிக்னல் அறுந்தாலோ டேங்க் தானாகக் காலியாகும்படி ஒரு மின்சுற்றுப் பலகை சேர்த்திருக்கிறோம். அதை எடுத்துவிட்டு ஓட்டாதீர்கள்.

ரிமோட் பற்றி ஒரு முக்கியமான விஷயம். இன்று கடைகளில் கிடைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் விமானத்துக்கும் காருக்கும் அருமையானது; தண்ணீருக்குள் அந்த அலை போகாது. 27 மெகாஹெர்ட்ஸ் போன்ற பழைய வகைதான் நன்னீரில் சில மீட்டர் ஆழம் வரை எட்டும். உப்புத் தண்ணீரில் அதுவும் எட்டாது. ஆகவே கடலிலோ உப்பங்கழியிலோ மூழ்கவிட வேண்டாம்.

வேகத்தையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் படகை மிக வேகமாக ஓட்டுகிறார்கள். நிஜ வேகத்தை 48-இன் வர்க்கமூலமான 6.9-ஆல் வகுக்க வேண்டும். அலைகளின் அளவு சரியாக வருவதற்கு 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃப்ரூட் கண்டுசொன்ன கணக்கு இது. நீருக்கு அடியில் அலை இல்லை என்றாலும் கண்ணுக்கு அதே கணக்குதான் பொருந்தி வருகிறது. இதன்படி மூழ்கிய டைப் 7சி முழு வேகத்தில் 25 மீட்டர் நீச்சல்குளத்தைக் கடக்க 44 விநாடி எடுக்கும். டைப் 21-க்கு 20 விநாடி. இரண்டையும் ஒன்றாக விட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் டைப் 21 மூக்கை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கும், அதனால் பின் துடுப்புகளைச் சமன்படுத்தும் கருவி இல்லாமல் அதை நாம் விற்பதில்லை.

ஜப்பானின் ஐ-400 கேட்டவர்களுக்கு: 122 மீட்டர், மூன்று விமானங்களைக் கொட்டகையில் சுமந்த அந்தப் படகு 1/48-இல் 2.54 மீட்டரும் சுமார் 60 கிலோவும் வரும். ஓடும் மாடலாக அதைத் தர எங்களால் முடியாது. பார்வைக்கு மட்டும் வைக்க வேண்டும் என்றால், நீர்க்கோட்டுக்கு மேலுள்ள பகுதியைத் தனியாக வார்த்துத் தருகிறோம்.

ஏற்கெனவே 1/72, 1/32 வாங்கியவர்கள் கவலைப்பட வேண்டாம். அந்த அச்சுகளை உடைக்கவில்லை. கோபுரம், துடுப்பு, ஓ-ரிங், மூடி எல்லாம் உதிரியாகத் தொடர்ந்து கிடைக்கும். 1/48 ஆர்டர் தரும்போது எந்தப் படகு என்பதோடு, எங்கே ஓட்டப்போகிறீர்கள், அங்கே தண்ணீர் எவ்வளவு ஆழம், தெளிவாக இருக்குமா என்பதையும் எழுதுங்கள். ஈயத்தின் அளவையும் டேங்கையும் அதற்கேற்பக் கணக்கிட்டு அனுப்புவோம். உடல் வார்த்து, ரெசின் நன்றாகக் காய்ந்து, தொட்டியில் ஓர் இரவு முழுதும் கிடந்து கசிவில்லை என்று பார்த்த பிறகுதான் பார்சல் கட்டுவோம். மழைக்காலத்தில் ரெசின் காய நாளாகும். அப்போது ஆர்டர் தருபவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பட்டறையார்