குளிசைப் பையோடு ஓடிவந்த பிள்ளைக்கு

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். உதட்டிலும் நாக்கிலும் திடீரென்று வந்த வீக்கம் வற்றி, பழைய முகம் திரும்பிவிட்டது. இன்று காலை தானே தேத்தண்ணீர் போட்டுக் குடித்தார். விசாரித்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்த மடலில் பெரும்பங்கு. அன்று அம்மாவுக்கு வீக்கம் வந்தபோது நாங்கள் பெரியவர்கள் எல்லோரும் மத்தியானம் சமைத்த நண்டைக் குற்றம் சொல்லிக்கொண்டு நின்றோம். அம்புலன்ஸ் கதவு மூடுகிற நேரம், ரியூசனுக்கு வெளிக்கிட்டு நின்றவள் செருப்புமில்லாமல் ஓடிவந்து ஒரு சொப்பிங் பையை என் மடியில் போட்டாள். "அக்கா, அம்மம்மாவின்ர குளிசை எல்லாம் இதுக்குள்ள கிடக்கு." அலுமாரித் தட்டில் இருந்ததை அப்படியே வழித்துப் போட்டிருந்தாள். கிளினிக் கொப்பி, பாதி முடிந்த குளிசை அட்டைகள், சித்தாலேப டப்பாகூட. யாரும் அவளிடம் கேட்கவில்லை.

போதனா வைத்தியசாலையில் டொக்டர் பையைக் கொட்டிப் பார்த்து ஒரே ஒரு அட்டையைக் கையில் எடுத்தார். எனலாப்ரில். பிரஷருக்கு அம்மா வருடக்கணக்காகப் போடுகிற குளிசை. உடம்பில் அரிப்பில்லை, தடிப்பில்லை, ஒவ்வாமைக்குப் போட்ட ஊசிக்கும் வீக்கம் அசையவில்லை. இந்தக் குளிசை சிலருக்கு பிரடிகைனின் என்ற பொருளை உடம்பில் தேங்கவிடுமாம். அதனால் தோலுக்கு அடியில் நீர் கசிந்து வீங்குமாம். பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டும் திடீரென்று வருமாம். அன்றே நிறுத்தினார்கள். அந்த மருந்துக் குடும்பத்துக் குளிசை எதுவும் இனி அம்மாவுக்கு ஆகாது.

அந்தப் பை வந்திராவிட்டால், நண்டை மட்டும் விலக்கிவிட்டு, அடுத்த நாள் காலை அதே குளிசையை நானே அம்மாவின் கையில் கொடுத்திருப்பேன். நினைக்க இப்பவும் கை நடுங்குகிறது.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் தம்பிமார், அவசர சிகிச்சைப் பிரிவிலும் வார்டிலும் கண்விழித்த டொக்டர்மார், தாதியர், பணியாளர்கள், சோறு கட்டிக் கொண்டுவந்த கொக்குவில் மாமி, நல்லூரில் அர்ச்சனை செய்தவர்கள், வெளிநாட்டிலிருந்து நேரம் காலம் பாராமல் அழைத்த சொந்தங்கள், எல்லோருக்கும் எங்கள் வீட்டாரின் நன்றி.

எங்கள் ஒழுங்கையில் வயதானவர்கள் இருக்கிற வீடு ஒவ்வொன்றுக்கும் நான் வருவேன். அவர்கள் போடுகிற குளிசைகளின் பெயர்களையும் ஒவ்வாத மருந்துகளையும் பெரிய எழுத்தில் ஒரு மட்டையில் எழுதி, கிளினிக் கொப்பியோடு சேர்த்துக் கட்டித் தருவேன். அம்மாவுடையதை நேற்றே எழுதிவிட்டேன்.

பிள்ளை, உனக்கு இந்த வருடம் சோதனை. அது முடியும் வரைக்கும் இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்று அம்மம்மா சொல்லிவிட்டார். நாளைக்குப் பிட்டு. வந்துவிடு.