எங்கள் மகனின் புதுநன்மைக்குத் துணை நின்ற பங்குக் குடும்பத்துக்கு

மரியே வாழ்க!

மே மாதக் கடைசி ஞாயிறு, இரண்டாம் பூசையில், எங்கள் மகன் புதுநன்மை வாங்கினான், முதல் தடவையாக நற்கருணை அப்பம் உட்கொண்டான். அன்றைக்குக் கோயிலில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தீர்கள். பூசை முடிந்து நான் யாரிடமும் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. வந்து கையைப் பிடித்தவர்களிடம் தலையை மட்டும் ஆட்டினேன். அதனால்தான் இந்த மடல். பெயர் போட்டு எழுதினால் யாராவது விட்டுப்போகும், அப்புறம் வருத்தமாகிவிடும். பெயர் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவனோடு பால்வாடியில் இருந்த பிள்ளைகள் புதுநன்மை வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. அவனுக்கு ஆட்டிசம். பத்துப் பதினைந்து வார்த்தை பேசுவான், அதுவும் வீட்டில். நாங்கள் இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் வேறொரு இடத்தில் கேட்டோம். "மந்திரம் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எப்படி? இன்னும் இரண்டு வருஷம் போகட்டும்" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, தன்மையாகத்தான் சொன்னார்கள். ஆனால் இரண்டு வருஷம் கழித்தும் அவன் மந்திரம் சொல்லமாட்டான் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நற்கருணை வரிசையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய், நான் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவேன். அவன் என் வாயையே பார்ப்பான்.

மனப்பாடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. இந்த முத்துக்குளித்துறைக் கடற்கரையில் விசுவாசம் வேர் விட்டதே அப்படித்தான். எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடைசிக் காலத்தில் பிள்ளைகள் பெயர்கூட மறந்துபோனது. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்ற மாதா செபம் மட்டும் மறக்கவில்லை. அந்தப் பாக்கியம் என் மகனுக்கு இல்லையே என்பதுதான் என் ஏக்கமாக இருந்தது.

ஃபாதரிடம் நான் போய்க் கேட்கவில்லை. மறைக்கல்வி டீச்சர்தான் வந்தார்கள். அன்பியக் கூட்டத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து நடத்துகிற செபக் கூட்டத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, பாயில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஜூன்ல இவனும் வகுப்புக்கு வரட்டும்" என்றார்கள். பேசமாட்டானே என்றேன். "நான் பேசுறேன்ல" என்றார்கள். ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்பது போலச் சொல்லிவிட்டு டீ குடித்தார்கள்.

மறுவாரம் ஃபாதர் கூப்பிட்டு எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினார். 1910-ல் புனித பத்தாம் பயஸ் ஒரு ஆணை வெளியிட்டாராம். அதற்கு முன்னால் பல இடங்களில் பிள்ளைகளைப் பத்து, பன்னிரண்டு, பதினான்கு வயது வரை காக்க வைத்திருக்கிறார்கள். அவர்தான் ஏழு வயதையொட்டிப் புத்தி தெளியும் பருவம் போதும் என்றார். நற்கருணைக்கும் சாதாரண அப்பத்துக்கும் வித்தியாசம் தெரிந்து, தன் வயதுக்கு ஏற்ற பக்தியோடு வர வேண்டும், தன்னால் முடிந்த அளவுக்கு விசுவாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் கேட்டார் என்று ஃபாதர் சொன்னார். "உங்க பையனால முடிந்த அளவு எதுன்னு நாம எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்றார். "சேர்ந்து" என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே ஃபாதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சரி, டீச்சர் என்ன செய்தார்கள் தெரியுமா? செல்போனில் நம் கோயிலையே படம் எடுத்தார்கள். தெருமுனைக் குருசடி, கோயில் வாசல், தீர்த்தத் தொட்டி, நாங்கள் உட்காரும் பெஞ்சு, வாசக மேடை, பீடம், நற்கருணைப் பேழை, ஃபாதர் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருப்பது. பதினெட்டு படம். ஒவ்வொன்றையும் அட்டையில் ஒட்டி, லேமினேஷன் போட்டு, மூலையில் ஓட்டை போட்டு, ஒரு சாவி வளையத்தில் கோத்துக் கொடுத்தார்கள். பூசையில் எது நடக்கிறதோ அந்த அட்டையைத் திருப்ப வேண்டும். முன்பெல்லாம் காணிக்கைப் பாட்டுக்குள் எழுந்து வெளியே ஓடுகிறவன், இன்னும் எத்தனை அட்டை பாக்கி என்று தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். காசு வாங்காமல், ஞாயிறு காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு, வீட்டில் சமையலை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வருகிறவர்கள் நம் மறைக்கல்வி ஆசிரியர்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே 10-ல் வேதியர் பணியை, அதாவது மறைக்கல்வி சொல்லித் தருகிற பணியை, திருச்சபையின் ஒரு திருப்பணியாகவே ஏற்படுத்தினார். அந்தப் பணிக்கு எவ்வளவு பெரிய மரியாதை தகும் என்று அந்த அட்டைக் கொத்தைக் கையில் வாங்கியபோது எனக்குப் புரிந்தது.

கோயிலில் ஞானம் சொல்லித் தருகிற உபதேசியார் தாத்தாவுக்கும் சொல்ல வேண்டும். அவனை வகுப்புக்குள் உட்கார வைத்தது அவருடைய கைமணி. வகுப்பு தொடங்க மணி அடிக்கிற வேலையை அவனிடம் கொடுத்துவிட்டார். சத்தம் என்றாலே காதைப் பொத்துகிறவன், தன் கையால் அடிக்கிற மணிக்குப் பொத்தவில்லை. ஒரு ஞாயிறு, பெற்றோர் வகுப்பில் தாத்தா அதே மணியைக் கையில் வைத்துக்கொண்டுதான் சவேரியார் கதையைச் சொன்னார். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. உதவிக்கு ஆள் வைத்து விசுவாசப் பிரமாணத்தையும் தேவ கட்டளைகளையும் தமிழில் மாற்றி, மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். அவருக்குப் பின்னால் வந்த அண்ட்ரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட "தம்பிரான் வணக்கம்" பதினாறு பக்கம். இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது, அதுவும் ஞானோபதேசப் புத்தகம். "தமிழ் அச்சு ஏறினதே பிள்ளைகளுக்கு ஞானம் சொல்லிக் கொடுக்கத்தான்" என்று சொல்லும்போது தாத்தாவின் குரல் நடுங்கியது. அப்புறம் எங்களைப் பார்த்து, "பேச்சு வராத சாமியாரே இங்க ஞானம் சொல்லிக் கொடுத்திருக்காரு. பேச்சு வராத பிள்ளை கத்துக்கிடாதா?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்பாக்களின் வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். விடியுமுன் போனால் திரும்ப ராத்திரி ஒன்பது ஆகும். ஞாயிறு கடலுக்குப் போகாத நாள்தான், ஆனால் வலை வேலை, கணக்கு முடிப்பது, கல்யாணம், துக்கம் எல்லாம் அந்த ஒரு நாளில்தான். செபம், கோயில், பிள்ளைகளின் மறைக்கல்வி எல்லாம் அம்மாக்களின் வேலை என்றே எங்கள் பக்கம் பல வீடுகளில் ஆகிவிட்டது. கோயில் காரியங்களைப் பேசி முடிவு செய்கிற பங்குப் பேரவையில் யாருக்கு இந்த யோசனை வந்ததோ, அவருக்குக் கோடி புண்ணியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்பாக்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், அதிலேயே வகுப்பை வைப்போம் என்று முடிவு செய்தார்கள். கோயில் மண்டபத்தில் வைத்திருந்தால் பாதிப் பேர் வந்திருக்கமாட்டார்கள். வலை பின்னுகிற கொட்டகையில் வைத்தீர்கள். செவ்வாய்க்கிழமை சாயந்தரம், ஆறு வாரம். கை வலையில், காது சிஸ்டரிடம்.

முதல் வாரம் சிஸ்டர் கேட்டது ஒரே கேள்வி: "உங்க பிள்ளை ஞானஸ்நானத்தன்னைக்கு சாமியார் உங்ககிட்ட என்ன கேட்டாருன்னு ஞாபகம் இருக்கா?" ஒருவருக்கும் நினைவில்லை. பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் கடமையை ஏற்கிறீர்கள், இதை உணர்ந்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார், நீங்கள் ஆம் என்று சொல்லியிருக்கிறீர்கள் என்று சிஸ்டர் சொன்னதும் கொட்டகையே அமைதியாகிவிட்டதாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் குடும்பத்தைக் "குடும்பத் திருச்சபை" என்று சொன்னதையும், பிள்ளைக்கு முதலில் விசுவாசத்தை அறிவிக்கிறவர்கள் தாய் தகப்பன் என்று சொன்னதையும் அன்றைக்கே வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அன்று ராத்திரி இவர் வந்து, தூங்குகிற மகன் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. எனக்குத் தெரியக்கூடாது என்று நினைத்திருப்பார் போல, விளக்கை அணைத்துவிட்டுத்தான் போட்டார். இப்போது தினமும் போடுகிறார். விழித்திருந்தால் மகன் நெற்றியை நீட்டுகிறான்.

ஓஸ்தி, அதாவது நற்கருணை அப்பம், வாங்குவதுதான் பெரிய மலையாக இருந்தது. வாயில் ஒட்டுகிற எதையும் அவன் துப்பிவிடுவான். மடத்து சிஸ்டர்கள் பூசையில் வைக்காத வெறும் அப்பம் ஒரு டப்பா கொடுத்துவிட்டார்கள். முதலில் அரிசி அளவுத் துணுக்கு, ஒரு வாய் தண்ணீர். ஒரு வாரம் கழித்துக் கால்வாசி. நாலு மாதம் ஆனது முழு அப்பத்துக்கு. கடைசியில் அது பிடித்துப்போய், அலமாரியைக் காட்டிக் கேட்டு வாங்கித் தின்ன ஆரம்பித்துவிட்டான். அப்போது எனக்கு வேறு பயம் வந்தது. இது அவனுக்கு வெறும் தின்பண்டம்தானோ? நான் ஆண்டவரை அவமதிக்கத் துணை போகிறேனோ? ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதற்குப் பதில் கொடுத்ததும் டீச்சர்தான். பூசையில் என்னை அவன் பக்கத்திலிருந்து எழுப்பி, இரண்டு பெஞ்சு பின்னால் உட்காரச் சொன்னார்கள். "நீங்க அட்டையைப் பார்க்காதீங்க, அவன் கையைப் பாருங்க." எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தது. ஃபாதர் உயர்த்தினார். அவன் அட்டைக் கொத்தைத் தொடையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் குவித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டில் அந்த டப்பாவைப் பார்த்து ஒருநாளும் கை குவித்ததில்லை. டீச்சர் திரும்பி என்னைப் பார்த்து, "அவனுக்கு வித்தியாசம் தெரியுது" என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு ஃபாதரும் கவனித்திருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

புதுநன்மைக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம், பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. அதற்கான கூண்டுக்குள் அவன் போகமாட்டான், இருட்டு. ஃபாதர், குகை போலக் கட்டிய கெபிக்கு முன்னால், வேப்பமரத்தடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அதற்கென்று டீச்சர் வேறு சில அட்டை செய்து கொடுத்திருந்தார்கள். எதை எடுத்துக்கொள்வது என்பது அவன் விருப்பம், நீங்கள் எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். போகும்போது அவன் கையில் மூன்று அட்டை கவிழ்த்துப் பிடித்திருந்தான். நான் கோயில் படியில் நின்றேன். திரும்பி வரும்போது கை வெறுமையாக இருந்தது. அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அன்று சாயந்தரம் அவன் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் தோளில் தலை வைத்தான்.

அந்த அக்காவுக்கும் பதினைந்து வயதுதான், உறுதிப்பூசுதல் வகுப்பில் இருக்கிறாள். தன் வகுப்பு முடிந்ததும் ஓடி வந்து தம்பி வகுப்பில் உட்காருவாள். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்வது வழக்கமில்லை, இருந்தாலும் சொல்கிறேன் அம்மா.

துணி தைத்த அக்காவை மறப்பேனா? இருபத்து மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே துணி, ஒரே தையல், இருக்கிறவர் இல்லாதவர் வித்தியாசம் தெரியக்கூடாது என்று பேரவை முடிவு செய்தது நல்ல காரியம். புதுத் துணியின் விறைப்பு அவனுக்கு ஆகாது என்று தெரிந்து, அவன் சட்டைத் துணியை மட்டும் நாலு தடவை ஊறவைத்து அலசிக் காயவைத்து மென்மையாக்கி, கழுத்துத் தையலை வெளிப்பக்கம் திருப்பித் தைத்திருந்தீர்கள் அக்கா. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாச் சட்டையும் ஒன்றுதான். அவன் பூசை முழுக்க ஒரு தடவைகூடக் கழுத்தைச் சொறியவில்லை. மைக் செட் அண்ணன் எங்கள் பக்கத்து ஸ்பீக்கரை அணைத்து வைத்தார். பாடகர் குழுத் தம்பிகள் டிரம்ஸை வெளியே எடுக்கவே இல்லை. பெருவிழா போலக் கொண்டாட வேண்டிய பூசையில் உங்களுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று எனக்குத் தெரியும். பின் பெஞ்சில் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருந்தீர்களே, அதற்கும் நன்றி.

அவன் முறை வந்தது. அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஃபாதர் "கிறிஸ்துவின் உடல்" என்றார். அவனால் "ஆமென்" சொல்ல முடியாது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் கை குவித்தால் போதும் என்று பேசி வைத்திருந்தோம். கை குவித்தான். வாங்கினான். துப்பவில்லை. பெஞ்சுக்கு வந்ததும் எப்போதும் அவன் என் வாயைப் பார்ப்பானே, அன்றைக்கும் பார்த்தான். பிறகு தன் வாயைத் தொட்டுக் காட்டினான்.

டீச்சர், அட்டைக் கொத்தை மறைக்கல்வி அறை அலமாரியில் வைத்துவிட்டேன். ஜூனில் வகுப்பு தொடங்கும்போது மேலத்தெருவிலிருந்து ஒரு பெண் குழந்தை வரப்போகிறாள் என்றீர்களே, அவளுக்கு ஆகும். அவள் அம்மாவை என்னிடம் அனுப்புங்கள். முதல் ஞாயிறு நான் அவர்களோடு உட்காருகிறேன். கொத்தில் பதினேழு அட்டைதான் இருக்கும். ஃபாதர் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருக்கிற அந்த ஒன்றை மட்டும் அவன் தரவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான். அதற்கு மட்டும் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியோடும் செபத்தோடும்,
உங்கள் அன்பியத்துச் சகோதரி