டயருக்குக் காசு கொடுக்கும் முன்

நாமக்கல்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சேகர்,

கடிதம் வந்தது. உன் மகளுக்கு வேலை கிடைத்த சேதியை அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் புள்ள நேத்துத்தானே பள்ளிக்கூடம் போயிட்டிருந்துச்சு" என்கிறாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிவியில் கீழே ஓடுகிற எழுத்தையெல்லாம் கட்டிலில் படுத்தபடியே படித்து எனக்குச் செய்தி சொல்கிறாள். வீட்டில் எல்லோரும் சுகம். பட்டறையிலும் வேலைக்குக் குறைவில்லை, ஆளுக்குத்தான் குறைவு. பையன்கள் எல்லோரும் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விடுகிறார்கள்.

இனி உன் கார். 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் கீழே எங்கிருந்தோ ஊங்கென்று உறுமுகிறது, பாட்டுப் போட்டால் தெரியவில்லை, டயர் கடையில் நாலு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கடைக்காரர் புளுகுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். தேய்ந்த டயரும் அதே மாதிரிதான் கத்தும், காதை மட்டும் நம்பினால் நானே ஏமாறுவேன். ஆனாலும் எனக்கு வீல் பேரிங் மேல்தான், சக்கரம் லேசாகச் சுழல உள்ளே இருக்கிற குண்டு வைத்த வளையத்தின் மேல்தான், சந்தேகம். அதற்குக் காரணம் நீ போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் உன் வண்டி பாதி சக்கரம் முங்கத் தண்ணீரில் நின்றது, எஞ்சினுக்குள் போகாததால் தப்பித்தோம் என்கிறாயே, அந்த வரி. எஞ்சின் தப்பித்தது சரி. சக்கரத்தின் நடுவில், பேரிங் இருக்கிற ஹப் முங்கித்தானே கிடந்தது?

பேரிங்கின் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உண்டு. மழையில் ஓடும்போது தெறிக்கிற தண்ணீருக்கு அது போதும். மணிக்கணக்கில் தண்ணீரில் கிடப்பதற்குச் செய்ததல்ல, அதிலும் பழைய சீல் என்றால் கேட்கவே வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் உள்ளே இருக்கிற கிரீஸ் மோர் மாதிரி வெளுத்து நீர்த்துப் போகும். பால்ரஸ் என்கிற குண்டுகள் உருளும் பாதையில் துருப் புள்ளி விழும். அந்த இடம் மெல்ல மெல்லச் செதில் செதிலாகப் பெயர்ந்து குழியாகும். அதனால்தான் வெள்ளம் வடிந்த உடனே எந்தச் சத்தமும் வராது. நாம் வெள்ளத்தையே மறந்த பிறகுதான் ஆரம்பிக்கும்.

நீ கணக்கு வாத்தியார் மகன், ஒரு கணக்கும் சொல்கிறேன். உன் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.95 மீட்டர் போகும். 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு எட்டரைச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் குழியை அஞ்சாறு பால்ரஸ் தாண்டினால், நொடிக்கு நாற்பது ஐம்பது தட்டு. அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து காதுக்கு டொக் டொக்கென்று கேட்காது, உறுமலாகத்தான் கேட்கும். வேகம் கூடினால் சுருதி ஏறுவதும் இதனால்தான்.

முதலில் எஞ்சினைக் கணக்கிலிருந்து கழித்துவிடு. விடியற்காலையில், ரோடு காலியாக இருக்கும்போது 60-ல் போய் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளு. எஞ்சினை அணைத்துவிடாதே, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். எஞ்சின் சத்தம் இறங்கியும் உறுமல் அப்படியே இருந்து, வண்டியின் வேகம் குறையக் குறைய அதுவும் தணிந்தால், அது சக்கரத்தோடு சம்பந்தப்பட்டது. பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் மாறினால் பிரேக் பேடையோ, டிஸ்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவே மாட்டிய கல்லையோ பார். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது கடக் கடக் என்றால் அது ஆக்சில் ஜாயின்ட், வேறு கதை.

அடுத்தது டயர். ரோடு மாறும்போது சத்தம் மாறுகிறதா என்று கவனி. வழவழப்பான புதுத் தார் ரோட்டில் அடங்கி, சொரசொரப்பான இடத்தில் கூடினால் டயர்மேல் பழி போடலாம். பேரிங்குக்கு எந்த ரோடும் ஒன்றுதான். பிறகு வண்டியை நிறுத்தி, டயரின் மேல்பரப்பில் இருக்கிற பட்டன்களின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் தடவு. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரி கையைப் பிடித்தால், அந்த டயர் கத்தும். ஷாக் அப்சார்பரோ அலைன்மென்ட்டோ கெட்டிருக்கும், அதைச் சரி செய்யாமல் புது டயர் போட்டாலும் கொஞ்ச நாளில் அதே கதைதான். இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போடச் சொல். சத்தமும் கூடவே இடம் மாறினால் கடைக்காரர் சொன்னது சரி, மன்னிப்புக் கேட்டுவிட்டு டயர் வாங்கு.

இடம் மாறவில்லையா? அப்படியானால் எந்தப் பக்கம் என்பதைப் பார்க்க வேண்டும். அதே 60-ல் வண்டியை இடது பக்கம் லேசாகத் திருப்பு, பிறகு வலது பக்கம். இடதுபக்கம் திருப்பும்போது எடை வலது சக்கரத்தின் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலது பேரிங், குறைந்தால் இடது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் இதை மட்டும் வைத்துப் பேரிங்கைக் கழற்றாதே. உன் வண்டியில் இருப்பது இரண்டு வரிசைப் பால்ரஸ் உள்ள பேரிங். கெட்டது உள் வரிசையா வெளி வரிசையா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு தலைகீழாகவும் போகும். முன்னா பின்னா என்பதிலும் காது நம்மை நன்றாகவே ஏமாற்றும், பாடி முழுக்கச் சத்தம் பரவுகிறது. மகளைப் பின் சீட்டில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லலாம். அதுவும் சாட்சிதான், தீர்ப்பு இல்லை.

தீர்ப்புக் கைக்குத்தான் தெரியும். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கு. ஜாக்கியை நம்பாதே, ஸ்டெப்னியைப் பாடிக்கு அடியில் தள்ளி வை. டயரை மேலும் கீழுமாக, கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டு. ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டு. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், அப்படியும் ஆடினால் சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கிற பால் ஜாயின்ட். 9, 3 பக்கம் மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் எண்ட்.

ஆட்டமே இல்லை என்றால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சத்தம் முதலில் வரும், ஆட்டம் கடைசியில்தான் வரும். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையின் விரல்களைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வை. நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் சும்மா இருக்கும். கெட்டிருந்தால் மணலை அரைக்கிற மாதிரி ஒரு நறநறப்பு விரலுக்கு ஏறும். காதுக்குக் கேட்காததுகூட விரலுக்குத் தெரிந்துவிடும். நாலு சக்கரத்தையும் இப்படிப் பார், ஒப்பிட்டால்தான் வித்தியாசம் புரியும்.

இங்கே லாரி டிரைவர்கள் டீக்கடையில் இறங்கியதும் டம்ளரைக் கையில் வாங்கும் முன் ஒவ்வொரு ஹப்பாகப் புறங்கையால் தொட்டுக்கொண்டு போவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறோமே, அதுவும் இதே வேலைதான். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அங்கே ஏதோ இருக்கிறது, பேரிங்கோ பிடித்துக்கொண்ட பிரேக்கோ. லாரியின் டேப்பர் பேரிங்கைக் கழற்றிக் கழுவி, கிரீஸ் அடைத்து, நட்டை இறுக்கித் தளர்த்தி ஓட்டலாம். உன் காரில் அந்த வழியெல்லாம் கிடையாது. கெட்டால் மாற்றுவதுதான்.

மாற்றும்போது கூடவே நில். புதுப் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்குகிற ஆளிடம் வண்டியைக் கொடுக்காதே, எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி. பிரஸ்ஸில் வைத்துத்தான் இறக்க வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குள் இறக்கும்போது பேரிங்கின் வெளி வளையமான வெளி ரேஸில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும், ஹப்பை அதில் ஏற்றும்போது உள் ரேஸுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். மாறிப் போனால் அழுத்தம் முழுக்கப் பால்ரஸ் வழியாகப் போய், ஓடாத பேரிங்கிலேயே தழும்பு விழுந்துவிடும். மாற்றிய மறுவாரமே சத்தம் வந்தது, பார்ட்ஸ் டூப்ளிகேட் என்று திட்டுகிறார்களே, அதில் பாதி இந்தச் சுத்தியல் கதைதான் என்பது என் அபிப்பிராயம். சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் உள்ள வண்டியில் இன்னொன்று. பல பேரிங்குகளில் ஒரு பக்கத்துச் சீலில் காந்தப் பட்டை இருக்கும், அது சக்கர வேகத்தை அளக்கிற சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், மறுபடி கழற்றினால் அந்தப் பேரிங்கும் வீண். ஆக்சில் நட் புதிதாகப் போடச் சொல், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல். அதை இறுக்கும் முன் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டக் கூடாது.

பொங்கலுக்கு வண்டியிலேயே வருவதாக எழுதியிருக்கிறாய். சத்தம் மட்டும்தான் என்றால் ஊருக்குள் சில நாள் ஓட்டிக்கொள், நெடுந்தூரம் வேண்டாம். ஆட்டம் தெரிந்தால் ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் மெதுவாகப் போ. முடியாவிட்டால் பஸ் ஏறி வா, அம்மா உனக்காகக் கொல்லிமலை வாழைப்பழம் சொல்லி வைத்திருக்கிறாள். பேரிங் மாற்றினால் பழையதைக் கடையிலேயே விட்டுவிடாதே, கேட்டு வாங்கி டிக்கியில் போடு. இங்கே அறுத்து ரேஸைப் பார்க்கலாம், வெள்ளத் துருவா வேறு ஏதாவதா என்று எனக்கும் தெரிய வேண்டும்.

ஜாக்கி போட்டுப் பார்த்ததும் எழுது, அல்லது ராத்திரி எட்டுக்கு மேல் போன் போடு.

உன்,
முத்து