வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், டாக்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அன்பு நோயைக் குணமாக்கும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு யாராவது இன்சுலினை நிறுத்திவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருந்த என் அக்காவுக்கு 68 வயது, சர்க்கரை. ஐப்பசி மழையில் செருப்பு கடித்துக் காலில் புண். இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வருகிற பெண் மாதந்தோறும் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். நான் போனபோது அலமாரியில் அட்டை அட்டையாகப் பிரிக்காமல் கிடந்தது. அடுப்பு பற்றவைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. "ஏலே, ஒத்தைக்கு என்னத்தப் பொங்க?" என்றாள். பழைய சோறும் ஊறுகாயும்தான்.

வீரவநல்லூருக்குக் கூட்டி வந்தேன். சங்கடம் என்னவென்றால், என் வீட்டுக்காரிக்கும் அவளுக்கும் 11 வருஷமாகப் பேச்சு கிடையாது. அப்பா வீட்டைப் பங்கு வைத்ததில் வந்த வினை. (யார் பக்கம் நியாயம் என்று இங்கே எழுதினால் எனக்குச் சோறு கிடைக்காது.) முதல் வாரம் முழுக்க இருவரும் என் மூலமாகத்தான் பேசினார்கள். எட்டாம் நாள் கட்டு மாற்ற நர்ஸ் வரவில்லை. புண்ணில் வாடை. சலைன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நான் முழித்தேன். அடுப்படியிலிருந்து வந்தவள் தரையில் உட்கார்ந்து, "மைனி, காலை நீட்டுங்க" என்றாள். மடியில் காலை வைத்துக்கொண்டு, ஒட்டிப்போன துணியைச் சலைன் விட்டு நனைத்து நனைத்துக் கால் மணி நேரம் பிரித்தாள். அக்கா அழுதாள். வலியால் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் ஊசி, மாத்திரை, சாப்பாடு எல்லாம் நேரத்துக்கு நடந்தது. மாசியில் புண் மூடிவிட்டது.

நர்சிங் படிக்கும் என் மகள் ஒரு ஆய்வைச் சொன்னாள். 2005-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 42 தம்பதிகளின் கையில் சின்னக் கொப்புளங்கள் உண்டாக்கி, அவை ஆறுவதைக் கவனித்திருக்கிறார்கள். எரிந்து விழுகிற ஜோடிகளுக்குப் புண் ஆறிய வேகம், இணக்கமான ஜோடிகளின் வேகத்தில் 60 சதவீதம்தான். மனதில் கொதிப்பு இருந்தால் கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் ஏறும், அது சர்க்கரையையும் ஏற்றும் என்கிறாள். சரி, அக்காவுக்குப் புண் ஆறியது மனக்கொதிப்பு அடங்கியதில் பாதி, மாத்திரை நேரத்துக்கு உள்ளே போனதில் பாதி என்பது என் கணக்கு. 31 வருஷம் டிக்கெட் கிழித்தவனுக்குக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது.

முதலில் காட்டிய தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று தடவை மருந்தை மாற்றினார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சீட்டில் எடை, பிரஷர் எழுதுகிற இடத்தில் ‘கூட இருப்பது யார்’ என்றும் ஒரு வரி இருக்கட்டும். யாரும் இல்லையென்றால் பக்கத்து வீட்டிலாவது ஒருவரிடம் சொல்லிவைக்கலாம். மாத்திரை கொண்டுவருகிறவர்கள் புது அட்டையைக் கொடுக்கும்போது, போன மாதத்து அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்,
வீரவநல்லூர்.