ஸ்டோர் வாசலில் போட்ட சிமெண்டு

அன்புள்ள தம்பி,

அப்பா நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். போன வாரம் நீ போன் போட்டபோது பின்னால் என்ன சத்தம் என்று கேட்டாய், திட்டுவாய் என்றுதான் சொல்லவில்லை. பின்பக்கத்து ஸ்டோருக்குச் சிமெண்டில் சரிவு போட்டிருக்கிறேன்.

வண்டி ஏற்றப் போட்டிருந்த அந்தப் பழைய பலகை மழையில் வழுக்கி, கப்சாய் மோட்டார் சைக்கிளும் நானும் ஒரே பக்கமாகச் சாய்ந்தோம். (காயம் இல்லை. அம்மாவிடம் கேட்காதே, கூட்டிச் சொல்வாள்.)

ஸ்டோர் தரை 8 அங்குல உயரம், வெள்ளத்துக்குப் பயந்து அப்போதே தூக்கிக் கட்டியது. ஓர் அங்குலம் ஏற 8 அங்குல நீளம் என்றால் 64 அங்குலம், ஐந்தடிக்கு மேல் போகிறது, அங்கே அம்மாவின் கறிவேப்பிலை நிற்கிறது. மூன்றடியில் முடிக்கலாமா என்று பலகையைச் சாய்த்து வண்டியைத் தள்ளிப் பார்த்தேன், மூச்சு வாங்கிவிட்டது. சரி, செடியைப் பெயர்த்துக் குழாயடியில் நட்டாயிற்று. அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

உடைந்த செங்கல் போட்டு இடித்து, மேலே கம்பிவலை, 4 அங்குலக் கனம். சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, கல் நான்கு. மணல் நம்ம ஈயலம்பத்து மணல்தான், ஈயம் தோண்டிய இடத்தில் கிடப்பது. ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் பெயர் மாற்றியும், லோரிக்காரர் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான் வருகிறது. எதிர்வீட்டு மாமா, தண்ணீரைக் கூட ஊற்று, இழுக்க லேசாக இருக்கும் என்றார். நான் விடவில்லை. தோட்டத்தில் அப்படித் தண்ணியாகப் போட்ட தரை மாவாக உதிர்ந்ததைப் பார்த்தவன் நான்.

கீழ் முனையில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். கத்தி மாதிரி மெலிதாக முடித்தால் டயர் ஏறி ஏறி உடைந்துபோகும், அதனால் அங்கே பள்ளம் தோண்டி, கனம் குறையாமல் மண்ணுக்குள் இறக்கினேன். ஸ்டோர் தரையும் சரிவும் ஒன்றையொன்று இழுத்து வெடிக்காமலிருக்க, நடுவில் உன் டிவி பெட்டியில் வந்த வெள்ளை நுரை அட்டையை நறுக்கி வைத்தேன். வழுக்காமலிருக்க ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்தேன். அன்றைக்குப் பார்த்து மூன்று மணிக்கே மழை, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நானும் மாமாவும் நனைந்தோம். இப்போது நாங்களே சாக்குப் போட்டுக் காலையும் மாலையும் நனைக்கிறோம், ஏழு நாள் காயவிடக் கூடாது.

எல்லாம் சரி, ஒன்றில்தான் கோட்டை விட்டேன். வேலை நடக்கும்போது கதவைத் திறந்து கட்டிவிட்டேனா, மறுநாள் சாத்தப் போனால் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கதவு தரைக்குக் கீழே கொஞ்சம் தொங்குவதை மறந்து, தரை மட்டத்துக்கே சிமெண்டை ஏற்றிவிட்டேன். ஓர் அங்குலம் தாழ்த்தியிருந்தால் மழைத் தண்ணீரும் உள்ளே போகாது.

மாதக் கடைசியில் வரும்போது உன் மின்ரம்பத்தைக் காரில் போட்டுக்கொண்டு வா, கதவின் அடியை அறுக்க வேண்டும். சீக்கிரம் வா. ஸ்டோர் ராத்திரி முழுக்க வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, பக்கத்து வீட்டுக் கோழிகள் குடிவந்துவிட்டன.

அப்பா